உடலுக்குள் ஒளிந்திருக்கும் நூற்புழு: ஸ்டீரொயிட் மருந்து தொடங்குமுன் ஒரு கேள்வி



"நாங்கள் ஊரைவிட்டு வந்து இருபது, இருபத்தைந்து வருடமாகிவிட்டது. இனியென்ன பூச்சியும் புழுவும்?" என்று எம்மவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். வெப்பவலய நாடுகளில் தொற்றும் பெரும்பாலான குடற்புழுக்களைப் பொறுத்தவரை பதிலும் ஆறுதலானதே. ஆனால் ஒரேயொரு புழு இந்தக் கணக்குக்கு அடங்காது. அது நாற்பது வருடம் கழிந்தாலும் உடலுக்குள் இருக்கும். சத்தமில்லாமல் இருக்கும். ஒரு குறிப்பிட்ட வகை மருந்து உடலுக்குள் போகும்போது மட்டும் உயிரையே பறிக்கக்கூடியதாக மாறும். அந்த மருந்தோ, நம் வீடுகளில் பலருக்கும் பழக்கமான ஸ்டீரொயிட் மருந்து. ஆகவேதான் இந்த இதழில் இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம்.

ஒட்டுண்ணிகள் மூன்று வகை

மனிதனின் உடலில் தங்கி, அவனது உணவையோ இரத்தத்தையோ உண்டு வாழும் உயிரினங்களை ஒட்டுண்ணிகள் என்கிறோம். இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கல உயிரிகள். மலேரியாக் கிருமியும், சீதபேதியையும் ஈரல் கட்டியையும் உண்டாக்கும் அமீபாவும் இதில் அடங்கும். இரண்டாவது புழுக்கள். வட்டப்புழு, கொழுக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு, யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு என்பன இவ்வகை. மூன்றாவது, தோலில் வாழும் பேன், சிரங்குப்பூச்சி முதலியன.

வகை வேறுபட்டால் பரிசோதனையும் வேறுபடும், மருந்தும் வேறுபடும். மலேரியாவுக்கு இரத்தத்தைப் பார்க்கவேண்டும். கொழுக்கிப்புழுவுக்கு மலத்தைப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே "பூச்சிக்குளிசை" என்பது சரியல்ல.

எது சாகும், எது சாகாது?

பெரும்பாலான குடற்புழுக்கள் மனித உடலுக்குள் இனம் பெருக்குவதில்லை. அவை இடும் முட்டைகள் மலத்துடன் வெளியேறி, மண்ணில் முதிர்ந்து, மறுபடி வாய் வழியாகவோ தோல் வழியாகவோ வந்தால்தான் புதுப் புழு உண்டாகும். வட்டப்புழுவின் ஆயுள் ஒன்று இரண்டு வருடம். கொழுக்கிப்புழு சில வருடங்கள் வாழும். மலசலகூடமும் சப்பாத்தும் உள்ள நாட்டுக்கு வந்துவிட்டால் புதுப்புழு சேர வழியில்லை. பழையது வயதாகிச் செத்துவிடும்.

நூற்புழு அப்படியல்ல. இதன் மருத்துவப் பெயர் ஸ்ட்ரோஞ்சிலோயிடிஸ். பிரித்தானியாவில் பிள்ளைகளுக்கு வரும் கீரைப்பூச்சியையும் ஆங்கிலத்தில் நூற்புழு என்ற பொருள்படும் பெயரால் அழைப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆகவே உங்கள் குடும்ப வைத்தியரிடம் பேசும்போது ஸ்ட்ரோஞ்சிலோயிடிஸ் என்ற முழுப்பெயரையே சொல்லுங்கள்.

பிரெஞ்சுக் கடற்படை வைத்தியரான லூயி நோர்மண்ட் என்பவர் 1876ஆம் ஆண்டு இதைக் கண்டுபிடித்தார். இன்றைய வியட்நாமின் தென்பகுதியில் பணியாற்றித் திரும்பி, தீராத வயிற்றோட்டத்தால் வருந்திய போர்வீரர்களின் மலத்தில் இப்புழு காணப்பட்டது. இன்று உலகில் 30 கோடி முதல் 60 கோடி வரையான மக்களுக்கு இத்தொற்று இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆபிரிக்கா, தென் அமெரிக்கா என்று சூடும் ஈரமும் உள்ள மண் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இது உண்டு. இலங்கையும் இந்தியாவும் இதற்கு விலக்கல்ல.

புழு உள்ளே வரும் வழி

மலம் கலந்த ஈரமண்ணில் இதன் இளம்புழுக்கள் இருக்கும். வெறுங்காலுடன் நடக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே நுழையும். இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடையும். அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியே மேலேறித் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலைச் சென்றடையும். அங்கே 2 மில்லிமீற்றர் அளவுள்ள, நூல்போன்ற பெண்புழுவாக வளர்ந்து குடற்சுவருக்குள் தங்கிவிடும். ஆண்புழுவின் துணையில்லாமலே முட்டையிடும்.

இதுவரை கொழுக்கிப்புழுவின் கதையைப் போலத்தான். வேறுபாடு இனித்தான். நூற்புழுவின் முட்டைகள் குடலுக்குள்ளேயே பொரித்துவிடும். இளம்புழுக்களில் பெரும்பகுதி மலத்துடன் வெளியேறினாலும், சில வெளியே போகாமல் குடலின் கீழ்ப்பகுதியிலேயே முதிர்ந்து, குடற்சுவரையோ மலவாசலைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்து மறுபடி இரத்தத்துக்குள் போகும். மறுபடி நுரையீரல், மறுபடி தொண்டை, மறுபடி குடல். இதைத் தன்தொற்று என்கிறோம். பழைய புழு சாகும்போது அதன் இடத்துக்குப் புதுப்புழு வந்துவிடும். வெளியிலிருந்து ஒன்றுமே வரத் தேவையில்லை.

போர்க்கைதிகள் சொல்லித் தந்த பாடம்

இரண்டாம் உலகப்போரில் யப்பானியர் 1942-43 காலத்தில் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளமான ரயில்பாதையை அமைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் மடிந்த அதே "மரண ரயில்பாதை" இதுதான். அங்கே வேலை செய்விக்கப்பட்டவர்களில் பிரித்தானியப் போர்க்கைதிகளும் அடங்குவர்.

போர் முடிந்து நாடு திரும்பிய முன்னாள் கைதிகளில் 2,072 பேரை, 1968 முதல் 2002 வரையான காலத்தில் லிவர்பூல் வெப்பவலய மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தார்கள். அவர்களில் 248 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 12 பேருக்கு, நூற்புழு இருந்தது. அவர்கள் அக்காட்டு மண்ணை மிதித்து இருபது முதல் ஐம்பது வருடங்கள்வரை கழிந்திருந்தன. குளிர்நாட்டில் வாழ்ந்த இவர்களின் உடலில் புழு இத்தனை காலம் தொடர்ந்ததற்குத் தன்தொற்றே காரணம்.

இப்போது எம்மை நினைத்துப் பார்ப்போம். வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் நின்ற தலைமுறை நாம். 1995இல் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்தவர்கள், வன்னியில் ஊருக்கு ஊர் இடம்பெயர்ந்தவர்கள், மண்டபம் முகாமில் இருந்தவர்கள், 2009இல் வவுனியா முகாம்களில் ஒரு மலசலகூடத்துக்கு வரிசையில் நின்றவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். மழைநீரும் மலமும் கலந்த நிலத்தில் செருப்பில்லாமல் நின்றது எவருடைய குற்றமுமல்ல. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பரிசோதித்துக்கொள்வது மட்டும் எம் கையில் இருக்கிறது.

அறிகுறிகள்

பெரும்பாலானோருக்கு அறிகுறி எதுவும் இராது. இருந்தாலும் விட்டுவிட்டு வருவதால் வேறெதற்கோ என்று எண்ணி விட்டுவிடுவோம். கவனிக்கவேண்டியவை இவை:

1. மேல்வயிற்றில் எரிவு அல்லது நோ. "காஸ்" என்று நாமே பெயர் வைத்துக்கொள்வது.

2. காரணமில்லாமல் வந்துபோகும் வயிற்றோட்டம் அல்லது மலச்சிக்கல்.

3. இடுப்பு, பிட்டம், தொடைப் பகுதிகளில் கோடுபோல எழும் தடிப்பும் கடியும். இக்கோடு மணிக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர்வரை நகரும். காலையில் ஓரிடத்தில் இருந்தது மத்தியானம் வேறிடத்தில் இருக்கும். ஓரிரு நாளில் மறைந்துவிடும். இது நூற்புழுவுக்கே உரிய அடையாளம். தோன்றும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைத்து வைத்தியருக்குக் காட்டுங்கள்.

4. வறட்டு இருமல், இழுப்பு. சிலவேளை இது ஆஸ்துமாவைப் போலவே தோன்றும்.

5. இரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் என்னும் வெண்குருதிக்கலம் கூடியிருத்தல். ஒரு மைக்ரோலீற்றரில் 500க்கு மேற்பட்டால் கூடுதல் என்போம். ஒவ்வாமை, ஆஸ்துமா, சில மருந்துகள் என்பனவும் இதைக் கூட்டும். ஆனால் வெப்பவலய நாட்டில் வாழ்ந்த ஒருவருக்கு இது மாதக்கணக்கில் கூடியே இருந்தால் புழுவையும் நினைக்கவேண்டும்.

ஸ்டீரொயிட் ஏன் ஆபத்து?

உடலின் நோயெதிர்ப்புச் சக்தி நூற்புழுவை முற்றாக அழிக்காவிட்டாலும், அதை எண்ணிக்கையில் அடக்கி வைத்திருக்கிறது. பிரெட்னிசோன், டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள் இந்தக் காவலைத் தளர்த்திவிடும். அப்போது தன்தொற்று பன்மடங்காகும். ஆயிரக்கணக்கான இளம்புழுக்கள் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு நுரையீரல், ஈரல், மூளை என்று பரவும். போகும்போது குடலில் இருக்கும் பக்ரீரியாக்களையும் இரத்தத்துக்குள் காவிச்செல்லும். இதன் விளைவாக நிமோனியா, இரத்தத்தில் கிருமி பரவுதல், மூளைச்சவ்வு அழற்சி ஆகியவை ஏற்படும். இந்நிலையை மிகைத்தொற்று என்கிறோம். சரியான சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் மரணந்தான்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்வோம். அறுபது வயதான ஒரு தாயாருக்கு இழுப்பு வருகிறது. ஆஸ்துமா என்று பிரெட்னிசோன் கொடுக்கிறார்கள். முதலில் சற்றுச் சுகம். பின்பு காய்ச்சல், வயிற்றுநோ, மூச்சுமுட்டல். ஆஸ்துமா முற்றிவிட்டது என்று ஸ்டீரொயிட்டின் அளவு மேலும் கூட்டப்படுகிறது. நோயோ மேலும் மோசமாகிறது. "அம்மா எந்த நாட்டில் பிறந்தவர்? எப்படி வாழ்ந்தவர்?" என்று எவரும் கேட்கவில்லை. இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கனடாவில் நூற்புழுத் தொற்று முற்றி உயிரிழப்புவரை சென்ற நிகழ்வுகளை ரொறன்ரோ மருத்துவர்கள் 2004ஆம் ஆண்டிலேயே கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் எழுதி எச்சரித்திருந்தார்கள். 2020இல் கோவிட் நோயாளருக்கு டெக்ஸாமெதசோன் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியபோதும், வெப்பவலய நாடுகளிலிருந்து வந்தவர்களின் நூற்புழுவைக் கவனிக்கவேண்டும் என்று நிபுணர்கள் வலியுறுத்தினார்கள்.

ஸ்டீரொயிட் கொடுக்கப்படும் நோய்கள் எம்மவரிடையே குறைவல்ல: ஆஸ்துமா, மூட்டுவாதம், லூப்பஸ், சிலவகைச் சிறுநீரக நோய்கள், புற்றுநோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சை. உறுப்பு மாற்றத்தில் உறுப்பைக் கொடுப்பவரிடமிருந்தும் புழு வரக்கூடும் என்பதால் இருவரையும் பரிசோதிக்கவேண்டும். எச்.டி.எல்.வி-1 என்னும் வைரசுத் தொற்று உள்ளவர்களுக்கும் மிகைத்தொற்று ஆபத்து அதிகம்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இதை வாசித்துவிட்டு, எடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டீரொயிட் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. கடும் ஆஸ்துமாவில் ஸ்டீரொயிட் உயிர்காக்கும் மருந்து, அதைத் தாமதிக்கக்கூடாது. மருந்தைத் தொடங்கிக்கொண்டே இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தேவையென்றால் முடிவு வருமுன்னரே புழு மருந்தையும் கொடுக்கலாம்.

கண்டுபிடிப்பது எப்படி?

"மலம் சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்" என்று பலர் நிம்மதி அடைவார்கள். நூற்புழுவில் அந்த நிம்மதி போதாது. வட்டப்புழு நாளொன்றுக்கு இலட்சக்கணக்கில் முட்டையிடுவதால் மலத்தில் எளிதாகத் தெரியும். நூற்புழுவின் இளம்புழுக்களோ மிகச் சிலவே, அவையும் சில நாட்களில் மட்டுமே வெளிவரும். ஒரே தடவை மலம் பார்த்தால் தொற்றுள்ள பலரைத் தவறவிட்டுவிடுவோம். வெவ்வேறு நாட்களில் மூன்று தடவையாவது பார்க்கவேண்டும். ஏகார் தட்டில் மலத்தை வைத்து வளர்க்கும் முறை இதைவிடச் சிறந்தது. இளம்புழு ஊர்ந்து செல்லும் பாதையெங்கும் பக்ரீரியாக்கள் முளைத்து, அதன் தடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு மிகவும் பயனுள்ளது இரத்தத்தில் பிறபொருளெதிரி பார்க்கும் பரிசோதனைதான். ஒருமுறை இரத்தம் கொடுத்தால் போதும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. யானைக்கால் புழு முதலான வேறு புழுக்கள் இருந்தாலும் "ஆம்" என்று காட்டலாம். நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவருக்குப் புழு இருந்தும் "இல்லை" என்று காட்டலாம். ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கு இயோசினோபில் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதால், அது சரியான அளவில் இருப்பதை மட்டும் வைத்துப் புழு இல்லை என்று முடிவுசெய்யவும் கூடாது. ஆகவேதான் ஸ்டீரொயிட் தொடங்குமுன் பரிசோதிப்பதே நல்லது என்கிறோம். அவுஸ்திரேலியாவில் அகதிகளுக்கான மருத்துவ வழிகாட்டிகள் இப்பரிசோதனையை முதற்கட்டப் பரிசோதனைகளிலேயே சேர்த்துள்ளன.

சிகிச்சை எளிது

இவ்வளவு பயமுறுத்தும் புழுவுக்குச் சிகிச்சை மிக எளிது என்பதே நல்ல செய்தி. மருந்தின் பெயர் ஐவர்மெக்டின். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். சில வைத்தியர்கள் ஒரு தடவையும், சிலர் இரண்டு நாட்களும், சிலர் இரண்டு கிழமை கழித்து மீண்டும் ஒருதடவையும் கொடுப்பார்கள். சிக்கலில்லாத தொற்றில் ஒரு தடவை கொடுப்பதே பலதடவை கொடுப்பதற்கு ஏறக்குறைய இணையானது என்று 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. மிகைத்தொற்று ஏற்பட்டவருக்கு மட்டும் வைத்தியசாலையில் வைத்துத் தினமும் கொடுக்கவேண்டியிருக்கும். இம்மருந்தைக் கண்டறிந்த சத்தோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஊர்ப் பாடசாலைகளில் கொடுத்த மெபெண்டசோலோ, ஒருதடவை விழுங்கும் அல்பெண்டசோலோ இப்புழுவைத் தீர்க்கப் போதாது. அல்பெண்டசோலைச் சில நாட்கள் தொடர்ந்து கொடுக்கலாம். ஆனாலும் ஐவர்மெக்டின் அளவுக்குப் பலன் இல்லை.

மருந்து எடுக்குமுன் வைத்தியரிடம் இரண்டு விடயங்களைச் சொல்லவேண்டும். ஒன்று, கர்ப்பமாக இருப்பது. மற்றது, ஆபிரிக்காவில் தங்கியது. இங்கு வரும் வழியில் எம்மவர் பலரை முகவர்கள் ஆபிரிக்க நாடுகளில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். கமரூன், காபோன், கொங்கோ போன்ற நாடுகளில் லோவா என்னும் கண்புழு உண்டு. அது இரத்தத்தில் அதிகமாக இருக்கும்போது ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கப்படலாம். அப்படியானவர்களுக்கு முதலில் அதற்கான இரத்தப் பரிசோதனை அவசியம்.

சிகிச்சைக்குப் பின் 6 முதல் 12 மாதத்தில் பிறபொருளெதிரியின் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

சிறுவயதில் வருடாவருடம் பேதி குடித்தோமே, அது போதாதா?
ஆமணக்கெண்ணெய் குடலைக் கழுவும். வட்டப்புழு சிலவேளை வெளியே வந்து விழும். குடற்சுவருக்குள் புதைந்திருக்கும் நூற்புழுவை அது அசைக்காது.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?
சாதாரணமாகத் தொற்றாது. கோப்பையைப் பிரிக்கவோ, பேரப்பிள்ளைகளைத் தூக்காமல் இருக்கவோ தேவையில்லை. மலசலகூடத்துக்குப் போய்க் கைகழுவினால் போதும். ஆனால் ஒருவருக்கு இருந்தால், அவரோடு அதே ஊரில், அதே முகாமில் வாழ்ந்த கணவன், மனைவி, சகோதரங்களும் பரிசோதிக்கவேண்டும்.

இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு?
ஊருக்குப் போய் வெறுங்காலுடன் திரிந்திராவிட்டால் வாய்ப்பு மிகக்குறைவு. ஊருக்குப் போகும்போது வளவிலும் தோட்டத்திலும் செருப்புப் போடப் பழக்குங்கள்.

ஐவர்மெக்டினை நாமே வாங்கி ஒருதடவை விழுங்கிவிட்டால் என்ன?
வேண்டாம். 2020, 2021இல் கோவிட்டுக்கு என்று கால்நடை மருந்தைக் குடித்துச் சிலர் நஞ்சேறி வைத்தியசாலைக்குப் போனார்கள். கோவிட்டுக்கு அது பலன் தரவில்லை என்பதைப் பின்வந்த பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. எடை பார்த்து, மற்ற மருந்துகளைப் பார்த்து, வைத்தியர் எழுதித்தரும் மனித மருந்தே பாதுகாப்பு.

ஊருக்குப் போய்வந்து காய்ச்சல் என்றால்?
அது வேறு அவசரம். இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் மலேரியா இன்னும் உண்டு. சிறுவயதில் மலேரியா வந்தவருக்கும் இன்று அந்த எதிர்ப்புச் சக்தி எஞ்சியிராது. அங்கே போய்வந்தபின் காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு காத்திராமல் அன்றைக்கே இரத்தம் சோதியுங்கள். முதல் சோதனையில் தெரியாவிட்டால் மீண்டும் சோதிக்கவேண்டும். ஒருவகை மலேரியா பல மாதம் கழித்தும் வரும் என்பதால் பயண விபரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

நாம் செய்யவேண்டியது

அடுத்தமுறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

* எங்கே பிறந்தீர்கள், எந்த முகாம்களில் இருந்தீர்கள், எந்த நாடுகள் வழியாக வந்தீர்கள் என்பதை உங்கள் மருத்துவக் கோவையில் பதியச் சொல்லுங்கள்.

* பழைய இரத்தப் பரிசோதனைகளில் இயோசினோபில் கூடியிருந்ததா என்று கேளுங்கள்.

* ஸ்டீரொயிட்டோ, நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறு மருந்தோ தொடங்குவதென்றால், "எனக்கு ஸ்ட்ரோஞ்சிலோயிடிஸ் பரிசோதனை செய்யவேண்டுமா?" என்று கேளுங்கள்.

* மொழி தெரியாத பெற்றோருக்காகப் பிள்ளைகள் இக்கேள்வியைக் கேளுங்கள். அப்பா அம்மா வெறுங்காலுடன் நடந்த கதை இந்த நாட்டு வைத்தியருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

வெப்பவலய நோய்களை அடிக்கடி காணாத நாடுகளில் அனுபவமுள்ள வைத்தியருக்கும் இந்தப் புழு உடனே நினைவுக்கு வராமற் போகலாம். நோயாளியே கேட்டால் பெரும்பாலான வைத்தியர்கள் அதை மதிப்பார்கள். ஒரு குழாய் இரத்தம், நாலைந்து குளிசை. அவ்வளவோடு தீரக்கூடிய ஒன்றுக்காக எம்மில் ஒருவர்கூடத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகத் தேவையில்லை. இந்தப் பக்கத்தை வாசித்தபின் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஒருதடவை வாசித்துக் காட்டுங்கள்.